அசலின் இரைச்சல்: டிஎக்ஸ்7இன் மென்பொருள் பிரதிகளை முன்வைத்து

தமிழ் விமர்சனத்துக்குள் 'பிரதி' என்கிற சொல் வந்தபோதே ஒரு குழப்பமும் கூடவே வந்தது. டெக்ஸ்ட் என்பதற்கும் அதுதான், காப்பி என்பதற்கும் அதுதான். 'கவிதைப் பிரதி' என்று எழுதினால் 'எத்தனை பிரதி அடிச்சீங்க?' என்று கிண்டல் பண்ணினவர்கள் உண்டு. இந்தக் கட்டுரைக்கு அந்தக் குழப்பம் வசதியாகவே இருக்கிறது. ஏனென்றால் பேசப்போகிற விஷயத்தில் எது டெக்ஸ்ட், எது காப்பி என்று பிரிப்பதுதான் பிரச்சனையே.

1983இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் டிஎக்ஸ்7 என்கிற சிந்தசைசரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அறுபத்தொரு கட்டைகள், முழுக்க முழுக்க டிஜிட்டல். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்ற வாத்தியம் அது. 1980களின் மேற்கத்திய பாப் பாட்டுகளில் கண்ணாடிபோல் மினுங்கும் மின்பியானோ, மணியோசை, தெறிக்கிற பேஸ் ஆகியவற்றில் பெரும்பங்கு இந்தப் பெட்டியிலிருந்து வந்தவை. அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் நம் திரைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கும் இந்தக் குடும்பத்து ஒலிகள் பழக்கம்தான், பேர்தான் தெரியாது. இன்று அந்தப் பெட்டி வேண்டாம், கணினியில் ஒரு மென்பொருளை நிறுவிக்கொண்டால் போதும். நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்கிற ஜெர்மன் கம்பெனி 2000களின் தொடக்கத்தில் எஃப்எம்7 என்று ஒன்றும் 2006இல் எஃப்எம்8 என்று ஒன்றும் வெளியிட்டது. பிரெஞ்சுக் கம்பெனியான ஆர்ட்டூரியா 2017இல் 'டிஎக்ஸ்7 வி' என்று பெயரைக்கூட மாற்றாமல் கொண்டுவந்தது. இவை காசுக்கு. இலவசமாக, மூலநிரலோடு கிடைப்பது டெக்ஸ்டு. (தமிழில் எழுதினால் அதற்கும் நமது பழைய 'டெக்ஸ்ட்'டுக்கும் வித்தியாசம் தெரியாது என்பதால் ஒரு உகரம் சேர்த்திருக்கிறேன்.)

இவற்றைப் பற்றி இசைக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, பெரும்பாலும் கடைசிக் கேள்வியும்கூட, ஒன்றுதான்: அசல் மாதிரியே இருக்கா? இந்தக் கேள்வி அப்பாவித்தனமானதல்ல. சந்தையும் இதையேதான் கேட்கச் சொல்கிறது. இதையே கேட்டுக்கொண்டிருந்தால் வேறு சில கேள்விகளைக் கேட்காமலே இருந்துவிடலாம் அல்லவா.

டிஎக்ஸ்7 எப்படி ஒலி தருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் சௌனிங் என்கிற இசையமைப்பாளர் 1967இல் கணினியில் ஓர் ஒலியை நடுங்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வயலின்காரர் கம்பிமேல் விரலை அசைத்துச் சுரத்தை நடுங்கவிடுவாரே, அந்த நடுக்கம். நொடிக்கு ஐந்தாறு தடவை அசைந்தால் நடுக்கமாகக் கேட்கும். சௌனிங் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். நொடிக்கு நூற்றுக்கணக்கில் என்று ஆனபோது காதுக்கு நடுக்கம் மறைந்துபோய், அந்த இடத்தில் முன்பு இல்லாத ஒரு நாதம் கேட்டது. ஓர் அலை இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைப்பது, அதிர்வெண் பண்பேற்றம். நமது பண்பலை வானொலியின் 'எஃப்எம்' இதேதான். அங்கே அது குரலைச் சுமக்கிறது, இங்கே ஒலியையே பெறுகிறது. சௌனிங்கின் கட்டுரை 1973இல் வந்தது, ஸ்டான்ஃபோர்டின் பேரில் காப்புரிமை 1977இல் பதிவானது. அமெரிக்க ஆர்கன் கம்பெனிகள் இதைக் கண்டுகொள்ளவில்லை, யமஹா பிடித்துக்கொண்டது. இதற்கிடையில் பல்கலைக்கழகம் சௌனிங்குக்கு நிரந்தர வேலை தராமல் வெளியே அனுப்பிவிட்டு, பிறகு திரும்ப அழைத்துக்கொண்டது. அந்தக் காப்புரிமை அதற்கு இரண்டு கோடி டாலருக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்தது. அறிவுஜீவியின் உழைப்புக்கும் நிறுவனத்துக்கும் உள்ள உறவு பற்றி நாம் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

டிஎக்ஸ்7இல் ஒரு சுரத்துக்கு ஆறு அலைகள். அவற்றை ஒன்றோடொன்று கோக்க 32 வழிகள். ஒரே சமயத்தில் 16 சுரங்கள் ஒலிக்கலாம். ஆக 96 அலைகள். அத்தனையையும் ஒரு சில்லு நொடிக்கு 49,096 தடவை கணக்கிட்டாக வேண்டும். அந்தக் காலத்துச் சில்லுக்குப் பெருக்கல் என்பது பாரமான வேலை. பள்ளிக்கூடத்தில் நாம் புரட்டிய மடக்கை அட்டவணையின் உபாயம்தான் இங்கே கைகொடுத்தது. சைன் மதிப்புகளின் மடக்கைகளைச் சில்லுக்குள்ளேயே பொறித்துவைத்து, பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டிக்கொண்டார்கள். கென் ஷிரிஃப் என்பவர் இந்தச் சில்லின் உட்புறத்தை நுண்ணோக்கிப் படங்கள் வழியே ஆராய்ந்து, அட்டவணைகளை வரிவரியாக வாசித்து 2021இல் வெளியிட்டார். வாசித்து என்கிற சொல்லை யோசித்தே எழுதுகிறேன்.

மினிமூக் போன்ற 1970களின் அனலாக் சிந்தசைசர்களோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே ஒலி என்பது மின்னோட்டம். அறை சூடானால் சுருதி நகரும். ஒரே மாடலில் இரண்டு பெட்டிகள் ஒன்றுபோல் ஒலிக்காது. அதை மென்பொருளாக்குவது ஓர் உடலைச் சித்திரமாக வரைகிற வேலை. டிஎக்ஸ்7இலோ உள்ளே இருப்பது ஏற்கெனவே எண்கள், ஏற்கெனவே எழுத்து. பெட்டி என்பது அந்த எழுத்தை ஓதுகிற ஒரு சாதனம், அவ்வளவுதான். முதல் டிஎக்ஸ்7ஏ ஒரு பிரதிதான், இரண்டு அர்த்தத்திலும். எனவே மென்பொருளை அதன் 'நகல்' என்று இறக்கிப் பேசுவதில் அர்த்தமில்லை. ஓலையிலிருந்து தாளுக்கு வந்த நூலை யாரும் நகல் என்று ஒதுக்குவதில்லை.

அப்படியானால் எல்லாப் பிரதிகளும் ஒன்றுபோலத்தானே ஒலிக்க வேண்டும்? ஒலிக்கவில்லை. இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

டிஎக்ஸ்7 தன் எண்களைக் கடைசியில் மின்னலையாக மாற்றுகிற இடத்தில் இருந்தது 12 பிட் மாற்றி. கொஞ்சம் முரடு. எண்களின் கடைசி இலக்கங்கள் வெட்டுப்படுவதால் ஒலி அடங்குகிற இடத்தில் ஒரு மெல்லிய கரகரப்பு கேட்கும். பின்னணியில் சீறல் வேறு. யமஹாவின் பொறியாளர்கள் வேண்டி வைத்தவை அல்ல இவை, அன்றைய விலைக்குள் செய்யமுடிந்தது அவ்வளவுதான். பிறகு வந்த கணினிகள் இதே கணக்கை எத்தனையோ மடங்கு துல்லியமாகப் போட்டன. முதல் தலைமுறை மென்பொருள்கள் பளிச்சென்று, அழுக்கில்லாமல் ஒலித்தன. உடனே முறையீடு வந்தது: உயிர் இல்லை, அசல் மாதிரி இல்லை. அடுத்து வந்தவர்கள் அழுக்கைத் திரும்பக் கொண்டுவந்து பூசினார்கள். டெக்ஸ்டுவில் ஒரு பட்டியல் இருக்கிறது. 'நவீனம்', 'மார்க் 1', 'ஓபிஎல்' என்று மூன்று வகைக் கணக்கு. முதலாவது இன்றைய துல்லியம். இரண்டாவது டிஎக்ஸ்7இன் பழைய குறையுடன். மூன்றாவது இன்னும் மலிவான சில்லுகளின் இன்னும் பெரிய குறையுடன். எந்தப் பிழை வேண்டுமோ அதைத் தெரிவு செய்துகொள்ளலாம், ஓட்டலில் தோசை சொல்வதுபோல.

வால்டர் பெஞ்சமின் 1936இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற கட்டுரையில், இயந்திர மறுஉற்பத்தியில் கலைப்பொருளின் ஒளிவட்டம் வாடிவிடுகிறது என்றார். ஒளிவட்டம் என்பது ஒரு பொருள் ஓரிடத்தில் ஒரு காலத்தில் மட்டுமே இருக்கிற அந்தத் தனித்துவம். டிஎக்ஸ்7க்கு அது பிறக்கும்போதே கிடையாது. லட்சக்கணக்கில் ஒரே எண்களைத் தாங்கிவந்த பெட்டி. ஒளிவட்டம் பிற்பாடு உண்டாக்கப்பட்டது, அதுவும் அதன் குறைபாடு இருந்த இடத்தில். 1990களில் அனலாக் மோகம் திரும்பி வந்தபோது இதே டிஎக்ஸ்7 'உணர்ச்சியற்ற பிளாஸ்டிக் சத்தம்' என்று ஏளனத்துக்கு ஆளானதை இன்றைய விளம்பரங்கள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அன்றைக்குக் குளிர்ந்தது, இன்றைக்கு எப்படி வெதுவெதுப்பானது? ஒலி மாறவில்லை, ஒரு எண்கூட மாறவில்லை. அதைச் சுற்றி நடக்கிற சொல்லாடல் மாறியிருக்கிறது. ஞாபகம் சரக்காகும்போது முதலில் விலைபோவது பிழைதான், ஏனென்றால் பிழைதான் தேதி போட்டிருக்கிறது.

இன்னொரு நுணுக்கம். டிஎக்ஸ்7இன் கட்டையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அது அனுப்புகிற அழுத்த எண், மிடி அளவுகோலின் உச்சமான 127ஐத் தொடாது. அதில் ஒலிகளை வடித்தவர்கள் அந்தக் கட்டையின் எல்லைக்குள் வடித்தார்கள். அதே ஒலியை இன்று வேறு கீபோர்டில் வாசித்தால், அழுத்தம் உச்சிக்குப் போய், மின்பியானோ கொஞ்சம் மூர்க்கமாகக் கத்துகிறது. சில்லை எத்தனை துல்லியமாகப் படித்தாலும் இது பிடிபடாது. ஒரு கைக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கும் இருந்த உறவு அது. 'அசல் மாதிரியே' என்று தேடுகிறவர்கள் சீறலைத் தேடுகிற அளவுக்குக் கையைத் தேடுவதில்லை.

பெட்டியின் முகப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட அளவைகள் உள்ளே இருக்க, வெளியே தெரிவது இரண்டு வரிச் சிறுதிரை, தட்டையான பொத்தான்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு நகர்த்தி. ஒரு சமயத்தில் ஒரு எண்ணைத்தான் பார்க்கலாம், மாற்றலாம். மொத்த உருவம் கண்ணுக்குத் தெரியாது. பிரையன் ஈனோ மாதிரி சிலர் பொறுமையாக உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். பெரும்பாலோர் கம்பெனி வைத்துக்கொடுத்த ஒலிகளையே வாசித்தார்கள். கருவி உன் கையில், அதன் மொழி எங்கள் கையில் என்கிற ஏற்பாடு. மென்பொருள்கள் இந்த இடத்தில்தான் காப்பி என்கிற நிலையைத் தாண்டுகின்றன. ஆறு அலைகளும், அவை ஏறி இறங்கும் கோடுகளும், யார் யாரை அசைக்கிறார்கள் என்கிற வரைபடமும் ஒரே திரையில் விரிகின்றன. மறைத்துவைத்த இலக்கணம் வெளியே வருகிறது. நம் மரபில் இதற்குச் சொல் இருக்கிறது: உரை. மூலத்துக்குப் பக்கத்தில் நின்று மூலத்தைத் திறந்துகாட்டுவது. நல்ல மென்பொருள் பிரதியை உரையாகத்தான் மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி. மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்பது உரைக்கு முதல் தகுதி, முழுத்தகுதி ஆகாது.

கம்பெனிகளுக்கு ஒப்பும் வேண்டும், பூட்டும் வேண்டும். ரோலண்ட் 2017இல் தன் பழைய டி-50ஐ மென்பொருளாக்கியபோது மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கு என்றுதான் கொண்டுவந்தது. நிரந்தர உரிமம் பிற்பாடுதான் வந்தது. சொந்தக் கடந்தகாலத்துக்கு மாதவாடகை. எஃப்எம்7இன் கதி அதைவிடச் சோகமானது. எஃப்எம்8 வந்ததும் அது விற்பனையிலிருந்து போனது. அது எழுதப்பட்ட காலத்து ஆப்பிள் கணினியின் சில்லு வகையே இன்று கிடையாது, புது ஆப்பிள் கணினியில் அது ஓடாது. 1983இல் செய்த பெட்டியோ, உள்ளே இருக்கிற சின்ன பாட்டரியை மாற்றிக்கொண்டிருந்தால், ஸ்விட்சைப் போட்டதும் பாடுகிறது. அழிந்துபோகும் பெட்டியைக் காப்பாற்ற வந்ததாகச் சொல்லிக்கொண்ட பிரதி பெட்டிக்கு முன்னால் செத்துப்போனது.

டெக்ஸ்டு வேறு பாதையில் வந்தது. 1990களின் நடுவில் சௌனிங் முறையின் காப்புரிமை காலாவதியாகி, அது எல்லோருக்கும் உரியதானது. கூகுளில் இருந்த ராஃப் லீவியன் ஆண்ட்ராய்டுக்காக எழுதிய டிஎக்ஸ்7 கணக்குநிரல் திறந்த உரிமத்தில் வெளியானது. அதை எடுத்து பாஸ்கல் கோத்தியே டெக்ஸ்டுவைக் கட்டினார். பொதுமை உரிமம். யாரும் திறக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அதே உரிமையோடு பிறருக்குத் தர வேண்டும். நாளைக்கு இவர்கள் கைவிட்டாலும் வேறொருவர் புதுக் கணினிக்கு மாற்றி எழுதிவிடலாம். முதல் டிஎக்ஸ்7இல் பன்னிரண்டு சமப் பிரிவுச் சுருதி தவிர வேறொன்றுக்கு இடமில்லை. யமஹாவே 1987இல் டிஎக்ஸ்7-2இல்தான் வேறு சுருதி அமைப்புகளை அனுமதித்தது. டெக்ஸ்டுவில் எந்தச் சுருதி அட்டவணையையும் ஏற்றிக்கொள்ளலாம். மூலத்தின் வாய்க்குப் போட்டிருந்த பூட்டை உரை கழற்றிவிட்டது. பெட்டியைப் பொதுச்சொத்தாக்குவதைப் பற்றிக் கவலைப்படுகிற எவரும் இந்த வித்தியாசத்தில் அக்கறை காட்ட வேண்டும். பக்கத்தில் வைத்துக் கேட்டு 'கம்பெனியுடையதுதான் கொஞ்சம் கூட அசலாயிருக்கு' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் இலவசம் என்றதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் நான் தயாரில்லை. எதை விடுவித்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

டிஎக்ஸ்7உடன் வந்த முதல் தொகுதியில் 32 ஒலிகள். அந்தப் பட்டியலை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். பித்தளைக் குழல்கள் மூன்று. தந்திக்கூட்டம் மூன்று. பியானோ மூன்று. முழு ஆர்கெஸ்ட்ரா ஒன்று, ஹார்ப்சிகார்ட், ஆர்கன். அப்புறம் ஒரு கோட்டோ, ஒரு மரிம்பா, ஒரு ஸ்டீல் டிரம். கடைசியில் நடுவரின் விசில், மனிதக் குரல், ரயில், விமானம் கிளம்புகிற சத்தம். ஐரோப்பிய வாத்தியத்துக்கு எண் உண்டு: பியானோ 1, 2, 3. ஏனென்றால் அங்கே வகை உண்டு, வளர்ச்சி உண்டு. மற்றமைக்கு ஒன்றே ஒன்று, எண் இல்லாமல். ஜப்பானிய நிறுவனம் தன் சொந்த கோட்டோவையும் இந்த வரிசையில்தான் வைத்திருக்கிறது, அதன் முன்னும் பின்னும் மரிம்பாவும் புல்லாங்குழலும். மேலாண்மை என்பது ஐரோப்பியன் வந்து கையைப் பிடித்து எழுதவைப்பதல்ல என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

ஸ்டீல் டிரம்மின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டிரினிடாடில் 1880களில் பிரிட்டிஷ் ஆட்சி கறுப்பின மக்களின் தோல்கொட்டுகளைத் தடை செய்தது. அவர்கள் மூங்கிலைத் தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள். அதற்கும் பிறகு இடைஞ்சல் வந்தது. 1930களில் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் ஏழை இளைஞர்கள் தகரடப்பாக்களையும் பிஸ்கட் பெட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு எண்ணெய்ப் பீப்பாய்களை வெட்டி, நெருப்பில் காட்டி, சுத்தியலால் தட்டித் தட்டிச் சுரம் பிடித்தார்கள். பறை பற்றிய நம் விவாதங்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கதையின் வழி தெரியும். டிஎக்ஸ்7இல் அந்த முழுவதும் 128 பைட். ஒரு குறளை யூனிகோடில் எழுதிவைக்க ஏறத்தாழ எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு. அவ்வளவு சுருக்கமாக அந்த ஓசையை வடிக்க முடிந்தது அபாரமான வேலை, மறுக்கவில்லை. குறளுக்கு உரைகள் இருக்கின்றன. இந்த 128 பைட்டுக்குப் பக்கத்தில் தடை இல்லை, தெரு இல்லை, பீப்பாய் இல்லை. டெக்ஸ்டுவும் ஆர்ட்டூரியாவும் அந்த எண்களை ஒரு பிசகும் இல்லாமல் பாதுகாக்கின்றன. மௌனத்தையும் அதே பிசகின்மையோடு பாதுகாக்கின்றன.

ரோலண்ட் டி-50இல் இது பட்டவர்த்தனம். 1987இல் வந்த அந்தப் பெட்டியின் புகழ்பெற்ற ஒலிகளில் ஒன்றின் பேர் 'டிஜிட்டல் நேட்டிவ் டான்ஸ்'. எந்த நேட்டிவ், எந்த ஊர் ஆட்டம் என்று கேட்கக் கூடாது. தாளமும் மூச்சுமாக ஒரு பொதுப்படையான 'பூர்வகுடி', கட்டையை அழுத்தினால் ஆடும். முப்பது வருஷம் கழித்து மென்பொருளாகத் திரும்பியபோதும் அதே பேரோடு திரும்பியது. மீட்டுருவாக்கம் என்றால் பேரையும் மீட்பதுதானே என்பார்கள். பழைய மாற்றியின் சீறலை வேண்டுமானால் வை, வேண்டாமானால் எடு என்று பொத்தான் வைத்தவர்களுக்கு, பழைய பார்வையின் மேல் ஒரு அடிக்குறிப்பு வைக்கக்கூடத் தோன்றவில்லை.

பெயர் என்றதும் கடைசியாக ஒன்று. டிஎக்ஸ்7இன் ஆலை ஒலிகளில் பலவற்றை வடித்தவர்கள் டேவ் பிரிஸ்டோ, கேரி லோயன்பெர்கர் என்கிற இரண்டு வாத்தியக்காரர்கள். 'இ.பியானோ 1' என்கிற அந்த மின்பியானோ எத்தனை பாட்டுகளில் அழுதிருக்கிறது என்று கணக்கெடுக்க முடியாது. வாசித்தவர் பேர் இசைத்தட்டு உறையில் இருக்கும், ஒலியைச் செய்தவர் பேர் எதிலும் இருக்காது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த்தை மேற்கோள் காட்டி நாம் கொண்டாடியது உண்டு. கூலித்தொழிலாளியாக இருந்த ஆசிரியன் பிறக்கவே இல்லை என்பதை அந்தக் கொண்டாட்டத்தில் கவனிக்கவில்லை. இது வெறும் அலட்சியமல்ல, கோப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு ஒலிக்கான 128 பைட்டில் 118 ஒலியின் அளவைகள், மிச்சம் பத்து ஒலியின் பேருக்கு. செய்தவருக்கு என்று ஒரு பைட்கூடக் கிடையாது. காசுக்கு விற்கிற புது மென்பொருள்கள் தங்கள் சொந்தக் கோப்பு வகையில் வடித்தவர் பெயருக்குக் கட்டம் வைத்திருக்கின்றன. பொதுமை உரிமத்தில் இருக்கிற டெக்ஸ்டுவோ பழைய பெட்டிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால் அந்த 128 பைட்டுக்குள்ளேயே நிற்கிறது. இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஒலிகள், முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகக் கட்டப்பட்டு, கைமாறிக்கொண்டிருக்கின்றன. திறந்து பார்த்தால் ஒரே மின்பியானோ பத்துப் பேரில் இருக்கும், ஒரே பேரில் பத்து மின்பியானோ இருக்கும். நடுவில் எங்காவது ஒருவர், ஒலியின் பேரை நாலைந்து எழுத்தாகக் குறுக்கி, மிஞ்சின இடத்தில் தன் முதலெழுத்து இரண்டை நெருக்கியடித்து வைத்திருப்பார்.